விண்டோஸில் குனு அறிவியல் நிரலகம்: புதியவர்களுக்கு ஒரு கைகாட்டி

இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு பணித்திட்டம் கிடைத்தது. மேளத்தின் வட்டத் தோல் எந்தெந்த அதிர்வெண்களில் அதிரும் என்று சி மொழியில் நிரல் எழுதிக் கணக்கிட வேண்டும். அதற்குப் பெசல் சார்பு தேவை. தொடர் சூத்திரத்தை நானே நிரலாக்கினேன். பெரிய எண்களைக் கொடுத்தால் விடை தாறுமாறாக வந்தது. "ஏன் தம்பி வீணாக உழைக்கிறாய்? ஜி.எஸ்.எல். இருக்கிறதே" என்றார் மூத்த மாணவர் ஒருவர். அன்றிரவே நிறுவத் தொடங்கினேன். ஐந்து நாள் ஆகியும் முடியவில்லை. கணினி நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி, தலைப்பை மாற்றக் கோரி விரிவுரையாளருக்குக் கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். என் பிழை கணிதத்திலும் இல்லை, சி மொழியிலும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஐந்து நாள் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

(அந்த வாரம் வீட்டுக்குத் தொலைபேசியில், "லைப்ரரி கிடைக்கவே மாட்டேங்குதும்மா" என்றேன். "வளாகத்துல யாரையாச்சும் கேட்டா வழி சொல்ல மாட்டாங்களா?" என்றார் அம்மா. அதனால் இங்கே நிரலகம் என்றே எழுதுகிறேன்.)

ஜி.எஸ்.எல். எனப்படும் குனு அறிவியல் நிரலகத்தை 1996இல் தொடங்கியவர்கள் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மார்க் கலாசி, ஜேம்ஸ் தைலர் ஆகிய இயற்பியலாளர்கள். இதில் 1000க்கும் மேற்பட்ட செயற்கூறுகள் உள்ளன. இலவசம். ஆனால் இது மூல நிரலாகவே வெளியிடப்படுகிறது. சொடுக்கினால் தானாக நிறுவிக்கொள்ளும் கோப்பு அதனுடன் வருவதில்லை. விண்டோஸிலோ சி தொகுப்பியே உடன் வருவதில்லை. எனவே தொகுப்பியையும் நிரலகத்தையும் ஒரே இடத்திலிருந்து பெறுவதுதான் நல்ல வழி.

நான் கவிழ்ந்தது இங்கேதான். தொகுப்பியை ஓரிடத்தில் எடுத்தேன். அது 64 பிட். நிரலகத்தை ஒரு பழைய குறிப்பைப் பார்த்து வேறிடத்தில் எடுத்தேன். அது 32 பிட். இரண்டும் ஒட்டவே ஒட்டா. "பொருந்தாததைத் தவிர்க்கிறேன்" என்று கணினி ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் படிக்காமல் கடைசி வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று எம்சிஸ்2 என்னும் தொகுதியை நிறுவினால் போதும். நிறுவியபின் தொடக்கப் பட்டியலில் பல பெயர்கள் தெரியும். யுசிஆர்டி64 என்பதைத் திறந்து, எப்போதும் அதிலேயே இருங்கள். பேக்மேன் என்னும் கட்டளையால் ஜி.சி.சி. தொகுப்பியையும் ஜி.எஸ்.எல். கட்டையும் இறக்கலாம். இரண்டு கட்டுகளின் பெயரிலும் யு.சி.ஆர்.டி. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால் என் கதைதான் உங்களுக்கும்.

இனி, பிழைச்செய்தி வந்தால் பதற வேண்டாம். முறையிடுவது யார் என்று மட்டும் கேளுங்கள். மூவரில் ஒருவராகத்தான் இருக்கும்.

தலைப்புக் கோப்பு இல்லை என்றால், பேசுவது தொகுப்பி. நிரலகம் வேறோர் அடைவில் இருக்கிறது, அல்லது தவறான சாளரத்தைத் திறந்துவிட்டீர்கள்.

செயற்கூற்றின் பெயரைச் சொல்லி "வரையறுக்கப்படாத சுட்டு" என்ற பொருளில் செய்தி வந்தால், தொகுப்பி தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். பேசுவது இணைப்பி. பெரும்பாலோர் திணறுவது இங்கேதான். தலைப்புக் கோப்பைச் சேர்த்தாயிற்றே, இன்னும் என்ன என்று தோன்றும். தலைப்புக் கோப்பில் இருப்பது செயற்கூற்றின் அறிவிப்பு மட்டுமே. சரக்கு நிரலகத்தில் இருக்கிறது. அதைக் கட்டளையில் தனியாகச் சொல்ல வேண்டும்: ஒரு சிறு கோடு, அதை ஒட்டிச் சிறிய எல் எழுத்து, அதை ஒட்டி ஜி.எஸ்.எல். அதேபோல் ஜி.எஸ்.எல்.சி.பிளாஸ் என்பதையும் சேர்க்க வேண்டும். அணிக் கணக்குகளுக்கு ஜி.எஸ்.எல். அதையே நாடுகிறது. இவை உங்கள் நிரல் கோப்பின் பெயருக்குப் பின்னால் வர வேண்டும். இணைப்பி இடமிருந்து வலமாகப் படித்து, அதுவரை எது தேவைப்பட்டதோ அதை மட்டுமே நிரலகத்திலிருந்து எடுக்கும். நிரலகத்தை முன்னால் எழுதினால் அப்போது எதுவும் தேவைப்பட்டிருக்காது, வெறுங்கையோடு கடந்துவிடும்.

எல்லாம் முடிந்து, ஓட்டும்போது டி.எல்.எல். கோப்பு இல்லை என்றால், பேசுவது விண்டோஸ். யுசிஆர்டி64 சாளரத்துக்குள்ளேயே ஓட்டினால் இச்சிக்கல் எழாது. விரிவுரையாளரிடம் ஒப்படைக்கும்போது, தேவைப்படும் டி.எல்.எல். கோப்புகளையும் நிரலுடன் ஒரே அடைவில் வைத்துக் கொடுங்கள். அவர் கணினியில் அவை இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, பூச்சிய வரிசைப் பெசல் சார்புக்கு 5 என்ற எண்ணைக் கொடுங்கள். -0.17759677 என்று வர வேண்டும். ஆறாம் நாள் நள்ளிரவில் என் திரையில் அது வந்தது. கடிதத்தைக் கிழித்துவிட்டு, அச்சார்பு எங்கெங்கே பூச்சியமாகிறது என்று கேட்டேன். முதலாவது 2.4048, இரண்டாவது 5.5201. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஏறக்குறைய 2.295, முழு எண் இல்லை. சாதாரண மேளத்தில் தெளிவான சுருதி எழாததன் காரணம் இப்படிப்பட்ட விகிதங்களே. மிருதங்கத்தின் வலப்பக்கம் மட்டும் சுருதி பேசுவது நடுவில் பூசிய கரும்பசையால். இதைப் பற்றி சி.வி. இராமன் சக ஆய்வாளர் ஒருவருடன் 1920இல் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். பசையின் கனத்தையும் நிரலில் சேர்க்கலாம் என்று மூன்றாம் ஆண்டுக்கு அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன்.