தண்டனைக்குப் பதிலா ஒரு அமைதி அறை



இந்த வாரம் தியானம் பற்றி ஒரு சின்ன பாடம். வகுப்பில் சண்டை போட்ட பையனை என்ன செய்வது என்ற கேள்வியில் இருந்து ஆரம்பிக்கலாம்.

நமக்குத் தெரிஞ்ச பதில்கள் என்ன? முட்டி போட வைப்பது, பெஞ்ச் மேல ஏத்துவது, வெளியே நிறுத்துவது, பிரம்படி. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியா துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சரி, அடிக்காம வேற என்ன செய்யறது? ஆசிரியர்கள் நியாயமாவே கேட்கிற கேள்வி இது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் உள்ள ராபர்ட் டபிள்யூ. கோல்மன் தொடக்கப்பள்ளி ஒரு வழியைச் செய்து பார்த்தது. வறுமையும் வன்முறையும் அதிகம் உள்ள பகுதி அது. அங்கே தியானம் சொல்லிக் கொடுத்தது ஹோலிஸ்டிக் லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு. அலி ஸ்மித், ஆத்மன் ஸ்மித் என்ற அண்ணன் தம்பியும், நண்பர் ஆண்ட்ரஸ் கொன்சாலஸும் சேர்ந்து 2001-ல் தொடங்கினது. ஸ்மித் சகோதரர்களுக்குச் சின்ன வயசிலேயே அவங்க அப்பா தியானம் பழக்கிவிட்டிருந்தார்.

அந்தப் பள்ளியில் ஒரு அமைதி அறை இருந்தது. மெத்தைகள், மங்கலான வெளிச்சம், நல்ல வாசனை. கோபத்தில் கத்தின பிள்ளையை ஆசிரியர் அங்கே அனுப்புவார். மனசு சரியில்லைன்னா பிள்ளை தானாவும் போகலாம். உள்ளே இருக்கிறவர் முதலில் "என்ன ஆச்சு?" என்று கேட்பார். பிள்ளை சொல்லி முடிக்கும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து மூச்சுப் பயிற்சி செய்வாங்க. அடுத்த முறை கோபம் வந்தா என்ன செய்யலாம் என்று பேசுவாங்க. பிறகு பிள்ளை வகுப்புக்குத் திரும்பிடும். இது போக, காலையும் மாலையும் பள்ளி முழுக்க ஒலிபெருக்கி வழியா தியானம் நடக்கும்.

2013-14 கல்வியாண்டில் ஒரு மாணவரைக்கூட சஸ்பெண்ட் செய்யவில்லை என்று பள்ளி தெரிவித்தது.

மூச்சு எப்படி கோபத்தைக் குறைக்குது? கோபத்தில் இதயம் வேகமா அடிக்கும், உடம்பு சண்டைக்குத் தயாராகும். அந்த நேரத்தில் நிதானமா யோசிக்கிற மூளைப்பகுதி பின்னால போயிடும். மூச்சை மெதுவா, நீளமா வெளியே விடும்போது வேகஸ் நரம்பு வழியா இதயத் துடிப்பு குறையும். அதுக்கப்புறம்தான் "நான் ஏன் அவனை அடிச்சேன்?" என்ற கேள்விக்கே பிள்ளையால பதில் சொல்ல முடியும்.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். சர்வர் விழுந்தா, லாக் பார்க்காம ரீஸ்டார்ட் பண்ணினா அது திரும்பவும் விழும். தண்டனை அந்த ரீஸ்டார்ட் மாதிரி. சத்தம் நிற்கும், காரணம் அப்படியே இருக்கும். அந்தப் பையன் காலையில் சாப்பிடாம வந்திருக்கலாம். ராத்திரி வீட்டில் சண்டை நடந்திருக்கலாம். கேட்டாத்தானே தெரியும்?

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களோடு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. வகுப்பு முழுக்கப் பாடமா நடத்தின மனக்கவனப் பயிற்சி, வழக்கமான பாடத்தை விட மாணவர்களின் மனநலத்துக்குக் கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யலை. எல்லாரையும் உட்கார வைத்து நடத்துவது வேற, தவிக்கிற ஒரு பிள்ளை பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து கேட்பது வேற. பால்டிமோர் அறையில் மூச்சுக்கு முன்னாடியே பேச்சு இருந்தது. பாதி மருந்து அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நம்மில் பலர் டியூஷன் எடுக்கிறோம். பலருக்கு வீட்டில் தம்பி, தங்கை, அக்கா பிள்ளைகள் இருக்காங்க. அவங்ககிட்ட இதைச் செய்து பாருங்க:

1. முதலில் நீங்க மூச்சை நிதானப்படுத்துங்க. கத்திக்கிட்டே "அமைதியா இரு" என்று சொன்னா எந்தப் பிள்ளையும் கேட்காது.

2. "என்ன ஆச்சு?" என்று கேளுங்க. குறுக்கே பேசாதீங்க.

3. சேர்ந்தே அஞ்சு மூச்சு விடுங்க. இழுப்பதை விட விடுவது நீளமா இருக்கட்டும். கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தாதீங்க. பயந்த பிள்ளைக்கு அது இன்னும் பயம் தரும்.

4. தப்பைச் சரி செய்ய வழி கேளுங்க. கிழிச்ச நோட்டை ஒட்டித் தரட்டும், அடிச்ச நண்பனிடம் போய்ப் பேசட்டும். தியானம் செய்ததால பொறுப்பு போயிடாது.

ஒண்ணு மட்டும் வேண்டாம்: "தப்பு பண்ணிட்டே, போய் பத்து நிமிஷம் தியானம் பண்ணு" என்று தனியா மூலையில் உட்கார வைக்காதீங்க. அது முட்டி போட வைப்பதுதான், பேர் மட்டும் வேற. அப்படி வளர்ற பிள்ளைக்குத் தியானம் என்றாலே கசக்கும். நாளைக்கு நிஜமா தேவைப்படும்போது அது பக்கமே போகாது.

ஆசிரியரா இருக்கிற நண்பர்களுக்கு இதை அனுப்புங்க. செய்து பார்த்தவங்க என்ன நடந்தது என்று எழுதுங்க.

முருகா சரணம்!