நாடகம் முடிந்ததும் செருப்பைத் தேடாதீர்கள்: கலைஞர்களோடு பேசும் அரைமணி நேரத்துக்கு ஒரு வழிகாட்டி

உடுக்கடிக் கதையில் அண்ணன்மார் படுகளம் வரும்வரை விடியவிடியக் கண் அசராமல் உட்கார்ந்த கூட்டம் கொங்குநாட்டுக் கூட்டம். ஆனால் நவீன நாடகம் முடிந்து, நடிகர்கள் நாற்காலி போட்டு அமர்ந்து “கேளுங்க” என்றால் மட்டும் பாதிப் பேர் எழுந்துவிடுகிறோம். நமக்கு நாடகத்தைப் பற்றி என்ன தெரியும் என்கிற கூச்சம்தான் காரணம். அந்தக் கூச்சம் தேவையில்லை. அங்கே யாரும் உங்களுக்கு மார்க் போடப் போவதில்லை. நீங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

1. நேரத்தை முதலில் பாருங்கள்

அழைப்பிதழில் ‘கலந்துரையாடல்’ என்று இருந்தால், நாடகம் முடிந்த பிறகு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருமாநல்லூரிலிருந்து திருப்பூருக்குப் போய்ப் பார்ப்பவர்கள், திரும்பி வரக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, வீட்டுக்குச் சாமான் போட்டுவிட்டு ஓடி வருவதைவிட, ஞாயிற்றுக்கிழமைக் காட்சி நிதானமானது.

2. எந்த வகை நாடகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேடை நாடகம் என்றால் நடிகர்கள் உடை மாற்றி வரப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும்.

வீதி நாடகத்தில் அந்த இடைவெளியே இருக்காது. 1980-ல் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை, தமிழ் வீதி நாடகத்துக்குப் பெரிய தூண்டுதல். நாடக இயக்குநர் பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984 முதல் இயங்கி வருகிறது. இந்த வகையில் திரையும் இல்லை, மேடையும் இல்லை. வியர்வை காயும் முன்பே பேச்சு தொடங்கிவிடும்.

மூன்றாவது வகை ஃபோரம் தியேட்டர். 1970களில் பிரேசில் நாட்டு அகஸ்தோ போல் உருவாக்கியது. இங்கே கலந்துரையாடல்தான் நாடகத்தின் இரண்டாம் பாதி. ஒருவருக்கு அநியாயம் நடப்பதைக் காட்டி முடித்து, அதே காட்சியை மறுபடி நடிப்பார்கள். பார்வையாளர் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லி எழுந்து, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துக் காட்டலாம். மேற்கு வங்கத்தில் 1985-ல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி குழு கிராமம் கிராமமாக இதைச் செய்கிறது. இப்படி ஒரு நாடகத்துக்குப் போனால் உங்களையும் மேலே கூப்பிடுவார்கள். விருப்பமில்லை என்றால் தலையாட்டி மறுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

3. பார்க்கும்போதே ஒரு இடத்தைப் பிடித்து வையுங்கள்

முழு நாடகத்தையும் நினைவில் வைக்க வேண்டாம். சிரித்த இடம், சலித்த இடம், புரியாமல் போன இடம் என ஏதாவது ஒன்று போதும். அதிலிருந்துதான் நல்ல கேள்வி வரும்.

4. செக்கிங் மேஜையில் பார்ப்பதுபோலப் பேசுங்கள்

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர் “இந்தப் பீஸ் சரியில்லை” என்று சொல்லி நிறுத்துவதில்லை. பழுது இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுகிறார். நாடகத்துக்கும் அதுவே வழி. “ரொம்ப அருமை” என்றாலும் “ஒண்ணும் புரியலை” என்றாலும் நடிகருக்கு அதனால் பயனில்லை. “ஏனுங்க, அந்தம்மா கதவைச் சாத்தினதும் அவ்வளவு நேரம் ஏன் சும்மா நின்னாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பாராட்டும் அப்படி இடம் சுட்டி வந்தால்தான் அவர்கள் மனதில் நிற்கும்.

ஒருவர் ஒரு கேள்வி, ஒரு நிமிடம். உங்களுடைய சொந்தக் கதைக்கு அந்த நிமிடத்தில் இடமில்லை.

5. யாரிடம் எதைக் கேட்பது

எல்லாரும் இயக்குநரையே கேட்பார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒளி அமைப்பாளரையும் இசைக்காரரையும் கேளுங்கள். ஒரு காட்சி ஏன் மங்கலாக இருந்தது என்பதற்குக் கலைக் காரணமும் இருக்கும், “இந்த மண்டபத்துல லோடு தாங்கல” என்ற காரணமும் இருக்கும். இரண்டும் கேட்கத் தக்கவை.

நம்மூர்க்காரர் கண்ணில் உடைதான் முதலில் படும். அரை நிமிடத்தில் எப்படி மாற்றினார்கள், கொக்கியா வெல்க்ரோவா, வியர்வையில் ஒட்டாத துணி எது என்று தாராளமாகக் கேட்கலாம். துணி தெரிந்தவர் கேள்விக்கு உடை அமைப்பாளர் முகம் மலர்ந்து பதில் சொல்வார்.

6. ஊர்க்கதை என்றால் சாட்சியாகப் பேசுங்கள்

1970 ஜூன் 19 அன்று, மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். இதை யாராவது நாடகமாக்கினால், மேடையில் இருப்பவரைவிட அதிகம் தெரிந்தவர் கூட்டத்தில் இருக்கக்கூடும். அப்போது “தப்பாக் காட்டிட்டீங்க” என்று தொடங்காமல், தான் கண்டது எது, பெரியவர்கள் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துச் சொன்னால், அடுத்த காட்சிக்கு அது சேரும்.

7. கம்பெனிக் கதை என்றால் கவனம்

ஷிப்டு, கான்ட்ராக்ட், பெண்களிடம் பேசும் முறை பற்றிய நாடகங்களில் மனம் பொங்கி வார்த்தை வரும். பக்கத்து வரிசையில் உங்கள் சூப்பர்வைசர் இருக்கலாம், யாரோ போனில் வீடியோ எடுத்துக்கொண்டும் இருக்கலாம். “ஒரு இடத்துல இப்படி நடந்துச்சு” என்று பெயர் சொல்லாமல் பேசுங்கள். மற்றதை நிகழ்ச்சி முடிந்தபின் தனியாகச் சொல்லலாம்.

8. பதில் வராவிட்டால்

“நீங்க என்ன நினைச்சீங்க?” என்று இயக்குநர் திருப்பிக் கேட்டால், நழுவுகிறார் என்று எண்ண வேண்டாம். அவர் நினைத்தது வந்து சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளும் வழி அது. “அது ஒத்திகையில தானா வந்துச்சுங்க” என்பதும் முழுப் பதில்தான். பெரும்பாலான நல்ல இடங்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

9. நடத்துகிறவர்களுக்கு

மைக்கை முதல் வரிசையில் கொடுத்தால் அங்கேயே தங்கிவிடும். பின்வரிசைக்கும் பெண்கள் பக்கத்துக்கும் முதலில் அனுப்புங்கள். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் வந்திருந்தால் இந்தி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தொடக்கத்தில் யாரும் பேசவில்லை என்றால் பதறாமல் சற்றுப் பொறுங்கள். பொன்னாடையோடு காத்திருக்கும் பிரமுகரைக் கடைசியில் கூப்பிடுங்கள். முதலில் கூப்பிட்டால் கேள்விக்கு நேரம் மிஞ்சாது.