வலது கிளிக் எங்கே இருக்கு?



நம்ம குழுக்களில் பலர் இப்போ தங்கள் பொருளைப் பற்றிச் சின்ன வீடியோ எடுத்து வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறார்கள். எடுப்பது செல்போனிலேயே முடிந்துவிடும். வெட்டி ஒட்டுவதற்குத்தான் ஸ்டுடியோவுக்குக் காசு போகிறது. அந்தக் காசு குழுவிலேயே தங்கணும்னா, வலது கிளிக்கைப் பழகிக்கொள்ள வேண்டும்.

படிப்பில்லாதவங்களுக்கு இது வருமா என்று கேட்காதீர்கள். 1984-லேயே ஆமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் வீடியோ எடுக்கக் கற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள்.

ஓப்பன்ஷாட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இலவசமாகக் கிடைக்கிறது; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதில் பல வேலைகள் வலது கிளிக் மெனுவுக்குள்ளேதான் இருக்கு. ஆனா அந்த மெனுவை வரவைக்கிற விதம் கணினிக்குக் கணினி மாறும்.

மவுஸ் இருந்தால் வலது பட்டனை ஒரு தடவை அமுக்குங்கள். அது இடது பட்டன் மாதிரி வேலை செய்தால், இடது கைப் பழக்கமுள்ள யாரோ மாற்றி வைத்திருப்பார்கள். மற்ற பட்டனை அமுக்கிப் பாருங்கள். லேப்டாப்பில் மவுஸ் இல்லையென்றால், டச்பேடில் இரண்டு விரலைச் சேர்த்து லேசாகத் தட்டணும். சில லேப்டாப்பில் டச்பேடின் கீழ் வலது மூலையை அமுக்கணும். ஆப்பிள் மேக்கில் கீபோர்டின் கன்ட்ரோல் பட்டனைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் அதே மெனு வரும்.

மெனு வந்தும் 'நான் தேடினது இல்லையே' என்று குழம்புவதுதான் அதிகம். அம்பு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கான மெனுதான் வரும். டிராக்கின் பெயர் மேல் கிளிக் செய்தால் டிராக் சேர்க்கிற, நீக்கிற மெனு. வீடியோவை வெட்ட வேண்டுமானால் கீழே டைம்லைனில் இருக்கிற கிளிப்பின் மேலேயே கிளிக் செய்யணும்.

ஒரு உதாரணம். ஊறுகாய் விலையைச் சொல்கிற அக்காவின் பேச்சுக்கு நடுவில், அவர் மூச்சு வாங்குகிற நேரத்தில் மிக்ஸி இரைகிறது. செங்குத்துக் கோட்டை இரைச்சல் தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோய், கிளிப்பில் வலது கிளிக் செய்து 'ஸ்லைஸ்', அதில் 'கீப் போத் சைட்ஸ்'. இரைச்சல் முடியும் இடத்திலும் அப்படியே. (கோடு கிளிப்பின் மேல் இல்லாவிட்டால் 'ஸ்லைஸ்' மெனுவில் வராது. ரொம்பப் பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.) இப்போ நடுத்துண்டில் மட்டும் வலது கிளிக் செய்து 'வால்யூம்' போய்ச் சத்தத்தைக் குறைக்கலாம். துண்டே வேண்டாமென்றால் 'ரிமூவ் கிளிப்'. பயப்பட வேண்டாம், கணினியில் இருக்கிற அசல் வீடியோ அழியாது. தப்பாக வெட்டிவிட்டால் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அமுக்கினால் திரும்ப வரும். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் பட்டன்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவிலிருந்தும் இருவர், இரண்டு வேறு வேறு கணினியில் இந்த நடுத்துண்டை வெட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.