பேச்சைக் கேட்கும் கணினி

கோர்படியில் ஓர் அம்மா. கைப்பேசியை எடுக்கிறார். "கோவைக்கு ரயில் எப்போது?" என்று தமிழில் கேட்கிறார். நாம் பேசுவது இயந்திரத்துக்கு எப்படிப் புரிகிறது?

இதற்காக முதலில் உழைத்தவர்களில் ஒருவர் ராஜ் ரெட்டி. 1937-ல் இன்றைய ஆந்திராவில் காட்டூர் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவர் அவர்தான். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, 1958-ல் பட்டம் பெற்றார். 1966-ல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றார்.

கணினிக்குப் பேச்சைப் புரியவைக்க வேண்டும். இதுவே அவர் எடுத்துக்கொண்ட வேலை. அது எளிதல்ல. ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறோம். பேசும்போது சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது? கணினி ஒலியைப் பகுத்துப் பார்க்க வேண்டும். எந்தச் சொல் பொருந்தும் என்று கணிக்க வேண்டும்.

பல ஆண்டுகள் உழைத்தார்கள். 1976-ல் அவருடைய குழுவின் கணினி சுமார் 1000 ஆங்கிலச் சொற்களைப் புரிந்துகொண்டது. 1994-ல் ராஜ் ரெட்டிக்கு டூரிங் பரிசு கிடைத்தது. கணினித் துறையில் இதுவே மிகப் பெரிய பரிசு.

கோர்படி அம்மா கைப்பேசியைப் பார்க்கிறார். திரையில் "கோவா" என்று இருக்கிறது! இயந்திரம் தவறாகக் கேட்டுவிட்டது. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். தவறு தெரிந்தது. மறுபடி நிறுத்திச் சொன்னார். "கோவை" என்று வந்தது.

கேட்கும் இயந்திரம் நமக்கு உதவும். அது சரியாகக் கேட்டதா என்று பார்க்க, நமக்குப் படிக்கத் தெரிய வேண்டும்.

பதில் சொல்லுங்கள்:
1. ராஜ் ரெட்டி எந்த ஊரில் பிறந்தார்?
2. கைப்பேசியின் தவறை அம்மா எப்படிக் கண்டுபிடித்தார்?