எஞ்சின் பிளாக்கில் ஒடிந்த நிப்பிளை எடுப்பது எப்படி?

சென்னையிலுள்ள ஆதம்பாக்கம் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊராகும். பக்கத்தில் 1958-ஆம் ஆண்டில் கிண்டி தொழிற்பேட்டை ஏற்பட்டது. நாளடைவில் கழனிகள் மறைந்து, வீடுகளும் பட்டறைகளும் பெருகின. மரைக்குள் ஒடிந்து சிக்கிய துண்டை எடுப்பது, இத்தகைய பட்டறைகளில் ஃபிட்டர்களுக்குப் பழகிய வேலை. டீசல் எஞ்சின் வைத்துள்ள சிறு விவசாயிகளும் இதை அறிந்திருப்பது நல்லது. கதிர் வரும் தருணத்தில் எஞ்சின் சில நாள் நின்றாலே மகசூல் குறையும். அவசரப்பட்டு பிளாக்கில் விரிசல் விழச் செய்தால் நட்டம் அதைவிடப் பெரிதாகும்.

ஒடிவது ஏன்?

பம்பு இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதி சிறு குழாய் வழியாக எஞ்சினைக் குளிர்விக்கச் செல்கிறது. அக்குழாயைத் தாங்கும் நிப்பிள் பிளாக்கில் மரையிட்டுப் பொருத்தப்பட்டுள்ளது. உப்புத் தண்ணீரில் மரை துருப்பிடித்து இறுகும். எஞ்சினின் அதிர்வும் குழாயின் பாரமும் நிப்பிளை நலியச் செய்யும். கழற்ற முயலும்போது அது பிளாக்கின் மட்டத்தில் ஒடிந்துவிடுகிறது.

இவ்வேலையில் மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. நிப்பிளின் விலை அற்பம். வார்ப்பிரும்பு பிளாக்கின் விலை அதிகம். வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். ஆகவே நிப்பிள் சிதைந்தாலும் பிளாக்கின் மரைக்குச் சேதம் வரலாகாது.

செய்முறை

1. பிளாக்கிலுள்ள தண்ணீரை வடித்துவிடவும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயுடன் சிறிது எஞ்சின் ஆயில் கலந்து விடவும். ஓர் இரவு ஊறட்டும். இடையிடையே சிறு சுத்தியால் துண்டின் மீது இலேசாகத் தட்டினால் எண்ணெய் மரைக்குள் இறங்கும்.

2. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் துவாரத்தில் பொருத்தமான இரும்புக் கம்பியைச் செருகிவிட்டு பைப் ரெஞ்சால் பிடிக்கவும். கம்பி இல்லாவிடில் துண்டு நசுங்கிவிடும். முதலில் சற்றே இறுக்கி, பிறகு இடப்புறமாகத் திருப்பவும்.

3. மட்டத்தோடு ஒடிந்திருந்தால், நுனி குறுகிய சதுரக் கம்பியைத் துவாரத்தில் தட்டி இறக்கி, ஸ்பானரால் இடப்புறம் திருப்பவும். கடைகளில் கிடைக்கும் 'ஈஸி அவுட்' இதற்கென்றே செய்யப்பட்டது. அதைப் பலவந்தமாகத் திருப்பக் கூடாது. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில்லால் துளைக்க முடியாது.

4. அசையாவிட்டால் சூடு காட்டலாம். முதலில் டீசல் டாங்கியைக் கழற்றி தூரத்தில் வைத்து, சிந்திய டீசலையும் எண்ணெயையும் துடைத்துவிடவும். ஒரே இடத்தில் காட்டாமல் சுற்றிலும் மெதுவாகச் சூடாக்கவும். இரும்பு நிப்பிளானால் பிளாக் சூடாக இருக்கும்போதே திருப்பவும். பித்தளை, வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு விரியும். ஆகவே அதை ஆறவிட்டுத் திருப்பவும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, பிளாக் வெடிக்கும்.

5. இதற்கும் வராவிடில், ஹேக்ஸா பிளேடைத் துவாரத்தில் நுழைத்து, துண்டை உட்புறமாக இரண்டு இடங்களில் அறுக்கவும். பிளாக்கின் மரை தெரியுமுன் நிறுத்திவிட வேண்டும். பின்பு சிறு உளியால் துண்டை உட்புறமாக மடக்கி எடுக்கலாம்.

குழாய் மரை 16 அங்குலத்துக்கு 1 அங்குலம் வீதம் குறுகிச் செல்வது. எனவே ஓரிரு சுற்று வந்துவிட்டால் மீதி கையாலேயே கழன்றுவிடும்.

மீண்டும் பொருத்துதல்

இரும்புத் தூள் உள்ளே தங்காதபடி தண்ணீர் விட்டு அலசவும். அதே அளவு டேப்பைக் கையால் விட்டு மரையைச் சுத்தம் செய்யவும். புதிய நிப்பிளில் டெப்லான் டேப் சுற்றிப் பொருத்தவும். குறுகும் மரையாதலால் மிகையாக இறுக்கினால் ஆப்பு அடித்தாற்போல் பிளாக்கைப் பிளக்கும். குழாயின் பாரம் நிப்பிளில் விழாதபடி முட்டுக் கொடுத்து, நடுவே சிறிது ரப்பர் குழாய் இணைத்தால் அதிர்வும் தாக்காது.

ஈஸி அவுட் உள்ளே ஒடிந்தாலோ, பிளாக்கில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ மேற்கொண்டு முயல வேண்டாம். லேத் பட்டறைக்குக் கொண்டு செல்வதே சிக்கனம். ஆண்டுக்கு ஒரு முறை, பாசனம் இல்லாத காலத்தில் நிப்பிளைக் கழற்றித் துடைத்துப் பூட்டி வந்தால், தண்ணீர் தேவைப்படும் வேளையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் நேராது.