முன்பக்கத் துளைகளில் கோளாறா?

கணிப்பொறியின் முன்பக்கத் துளையில் பென்டிரைவைச் செருகுகிறோம். விளக்கு எரியவில்லை, திரையிலும் அசைவில்லை. உடனே நாம் என்ன செய்கிறோம்? எடுத்தெடுத்துச் செருகுகிறோம். வாயால் ஊதிப் பார்க்கிறோம். பின்னர் "பென்டிரைவ் போயிற்று" என்றோ, "கணிப்பொறியே போயிற்று" என்றோ தீர்ப்புக் கூறிவிடுகிறோம். பல வேளைகளில் இவ்விரண்டுமே பழுதாகியிருப்பதில்லை.

காரணம் யாதெனில், பின்பக்கத்திலுள்ள யு.எஸ்.பி. துளைகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. முன்பக்கத் துளைகளோ வெறும் பெட்டியைச் சேர்ந்தவை. ஒரு கம்பிவடம் அவற்றை மதர்போர்டிலுள்ள சிறு ஊசிகளோடு இணைக்கிறது. (அப்பெட்டியையே நாம் சி.பி.யு. என்று அழைக்கிறோம், உண்மையில் அது உள்ளேயிருக்கும் ஒரு சில்லுக்கு உரிய பெயர்.) அவ்வடம் கழன்றால் முன்பக்கம் உயிரற்றுப்போகும், கணிப்பொறியோ நலமாகவே இருக்கும்.

ஆகவே முதற்சோதனை மிக எளிது. அதே பென்டிரைவைப் பின்பக்கம் செருகிப் பார்த்தல் வேண்டும். அங்கே வேலை செய்தால் குற்றம் முன்பக்கத்தினுடையதே. முன்னாலுள்ள இரு துளைகளில் ஒன்று மட்டும் செயலற்றிருந்தால், அத்துளையையே ஐயுற வேண்டும். இரண்டுமே செயலற்றிருந்தால் வடத்தை ஐயுறலாம், ஏனெனில் யு.எஸ்.பி. 2.0 வகையில் ஒரே இணைப்பிலிருந்துதான் இரு துளைகளுக்கும் மின்சாரம் வருகிறது. வைரசுக்கு அஞ்சித் துளைகளைக் கணிப்பொறியின் அமைப்புகளிலேயே முடக்கி வைத்திருப்பதும் உண்டு. ஆதலால் ஆய்வுக்கூட ஆசிரியையிடம் அதனை முதலில் கேட்டறிவது நன்று.

மவுஸ் இயங்குகிறது, வெளி ஹார்டு டிஸ்க் மட்டும் இயங்கவில்லை என்றால்? யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தருமாறு வகுக்கப்பட்டவை. மெல்லிய வடத்தில் நெடுந்தொலைவு செல்லும்போது மின்னழுத்தம் சற்றுக் குறைகிறது. மவுசுக்கு அது போதும், டிஸ்க்குக்குப் போதாது. அதைப் பின்பக்கம் மாட்டுவதே தக்க வழி.

சென்ற கல்வியாண்டில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூன்று கணிப்பொறிகளில் முன்துளைகள் வேலை செய்யவில்லை. பழுதுபார்க்க வந்த ஒருவர் மதர்போர்டுகளையே மாற்ற வேண்டும் என்றார். அவர் கூறிய தொகையைக் கேட்ட சிஸ்டர், மூன்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று எண்ணலானார். ஆறாம் வகுப்புத் தங்கையர் தட்டச்சுப் பழகும் கணிப்பொறிகள் அவை! அப்போது எங்கள் ஆசிரியை எங்களை அருகில் நிறுத்திப் பெட்டிகளைத் திறந்தார். இரண்டில் வடம் கழன்று தொங்கியது. மூன்றாவதில் ஓர் ஊசி வளைந்திருந்தது. செலவு ஒரு பைசாவும் இல்லை.

திறக்கும் முறையையும் கூறிவிடுகிறோம். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். கணிப்பொறியை நிறுத்தி, மின்வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கியபின், எஞ்சிய மின்சாரம் வடியும்படி பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்துக. பெட்டியின் வர்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வைத்தல் வேண்டும். நம் உடலிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும்.

யு.எஸ்.பி. 2.0 இணைப்பில் பத்து ஊசிகளுக்கு இடமுண்டு. ஓரிடம் வெறுமையாக இருப்பதால் ஊசிகள் ஒன்பதே. 3.0 இணைப்பில் பத்தொன்பது. அதன் செருகி தடித்தது. சாய்த்து இழுத்தால் ஊசி வளைந்துவிடும், நேராகவே இழுக்க வேண்டும். இங்கே பெரிதும் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. பழைய மதர்போர்டுகள் சிலவற்றில் ஃபயர்வயர் என்னும் இணைப்பும் அச்சாக இதே வடிவில் இருக்கும். அதில் யு.எஸ்.பி. வடத்தை மாட்டினால், 5 வோல்ட்டில் வாழும் பென்டிரைவுக்கு 12 வோல்ட் பாயும். ஓராண்டுச் செயல்திட்டமும் அத்தோடு கருகும். எனவே பலகையில் அச்சிட்டுள்ள எழுத்தைப் படிக்காமல் எதையும் மாட்டலாகாது.

ஹெட்போன் துளையின் கதை வேறு. 1997இல் வந்த ஏ.சி. 97, 2004இல் வந்த எச்.டி. ஆடியோ என இரு முறைகள் உள்ளமையால், சில பெட்டிகளில் ஒரே வடத்தில் இரு செருகிகள் தொங்கும். இக்கால மதர்போர்டுக்கு எச்.டி. என்று எழுதியதையே மாட்ட வேண்டும்.

துளைக்குள் தூசியிருந்தால் மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். ஊக்கு, கொண்டை ஊசி ஆகியவற்றை உள்ளே விடுவது கூடவே கூடாது! உள்ளேயுள்ள தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் மின்சாரம் குறுக்கே பாயும். சில கணிப்பொறிகள் எச்சரிக்கை காட்டித் தாமே நின்றுவிடும். நாக்கு உடைந்த துளையின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு, பின்துளையிலிருந்து ஒரு நீட்டிப்பு வடத்தை மேசைமேல் கொணர்ந்து வைத்துக்கொள்ளலாம்.