கடற்குதிரை வளர்க்க ஆசையா? மலாக்கா வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கடற்குதிரை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. ஜொகூரில் சுங்கை பூலாய் முகத்துவாரத்தின் கடற்புல் திடல்களில் இன்றும் வாழ்கிறது. தாமான் வீட்டு வரவேற்பறையில் அதை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். ஆனால் நம் ஊர்ச் சூட்டை முதலில் சமாளிக்க வேண்டும்.

1. முதலில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி), பிறகுதான் குதிரை. தொட்டித் தண்ணீர் 22 முதல் 24 டிகிரிக்குள் நிற்க வேண்டும். “நம் கடலே 29 டிகிரி இருக்கிறதே, அதில் வாழ்கிற குதிரைக்கு எதற்குக் குளிர்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கடலில் நீரோட்டம் அழுக்கை அள்ளிக்கொண்டு போய்விடும். கண்ணாடித் தொட்டியில் மிச்சத் தீனியும் கழிவும் அங்கேயே கிடக்கும். சூடு ஏற ஏற விப்ரியோ என்னும் கிருமி பெருகும். வால் நுனி வெளுத்து, தோல் அரித்து, சில நாளிலேயே கதை முடிந்துவிடும். தண்ணீர்ப் பரப்பில் மின்விசிறியை வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அவ்வளவே. 30இலிருந்து 27க்கு வந்து பயனில்லை. சில்லர் வாங்கக் கையில் காசில்லையென்றால் அடுத்த போனஸ் வரை பொறுத்திருங்கள். அதுவரை கப்பி மீன் வளர்க்கலாம், அதுவும் அழகுதான்.

2. தொட்டி உயரமாக இருக்கட்டும். கடற்குதிரை நின்றபடியே நீந்தும். இணை சேரும்போது இரண்டும் மேலெழும்பும். குறைந்தது 45 செ.மீ. உயரம், ஒரு ஜோடிக்கு நூறு லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு வேண்டும். மேசை மேல் வைக்கும் குட்டித் தொட்டி வேண்டவே வேண்டாம்.

3. மேற்கு பார்த்த ஜன்னல் ஓரத்திலும் சமையலறைச் சுவரை ஒட்டியும் தொட்டியை வைக்காதீர்கள். விளக்கு எல்இடியாக இருந்தால் சூடு குறையும்.

4. கிளேபாங் கடற்கரையில் வாளியோடு இறங்கி உப்புத்தண்ணீர் பிடித்து வரலாமே என்று தோன்றும். சேறும் ஆற்று அழுக்கும் கப்பல் எண்ணெயும் கலந்த தண்ணீர் அது. கடையில் கிடைக்கும் கடலுப்புக் கலவையை, ஆர்ஓ வடிகட்டியில் இறக்கிய தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைத்து, உப்புமானியில் 1.023 முதல் 1.025 வரை காட்டுகிறதா என்று பாருங்கள். ஆவியாகிக் குறைவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். கலந்த உப்புத்தண்ணீர் ஒரு பீப்பாய் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். 1991இல் துரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றிப்போய் மலாக்காவே தண்ணீருக்கு அலைந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

5. தொட்டியை ஓடவிட்டு நாலு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். கழிவை அரிக்கும் நல்ல கிருமிகள் ஃபில்டரில் குடியேற அவ்வளவு காலம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனைக் குப்பி காட்டிய பிறகே கடைக்குக் கிளம்புங்கள்.

6. தொட்டியில் பிறந்து வளர்ந்த குதிரையையே வாங்குங்கள். கடலில் பிடித்தது விலை மலிவாக இருக்கலாம். ஆனால் ஒட்டுண்ணிகளோடு வரும், உயிருள்ள இரையைத் தவிர எதையும் தொடாது. கடலோர வலைக்கூண்டில் வளர்த்ததையும் ‘வளர்ப்பு’ என்று சொல்லி விற்பதுண்டு. கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டுக் குதிரையைப் பாருங்கள். “என் கண் முன்னால் உறைந்த மைசிஸ் இறால் போடுங்கள்” என்று கேளுங்கள். நலமான குதிரை ஒரு கண்ணை இரை மேலும் இன்னொரு கண்ணை வேறு பக்கமும் வைத்துக்கொண்டு மெல்ல நெருங்கும், குழாய் மூக்கை நீட்டும், ‘டிக்’கென்று ஒரு சின்னச் சத்தத்தோடு உறிஞ்சிவிடும். கண்ணாடிக்குக் காதைக் கிட்டக் கொண்டுபோனால் கேட்கும். “இப்போதுதான் சாப்பிட்டது, பசியில்லை” என்று பதில் வந்தால், “பரவாயில்லை, நாளைக்கு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

7. உடம்பை முன்பக்கமிருந்து பாருங்கள். வயிறு உள்ளே குழிந்திருந்தால் பட்டினி கிடந்தது என்று அர்த்தம். வெள்ளைத் திட்டு, மங்கிய கண், மேல்மூச்சு, வாலில் தோலுக்கடியில் காற்றுக் குமிழி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேண்டாம். அதே தண்ணீரில் இருக்கும் மற்றவையும் வேண்டாம்.

8. கடற்குதிரை இனங்கள் அனைத்தும் 2004 மே மாதத்திலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. மலேசியாவில் அதற்கென 2008ஆம் ஆண்டின் 686ஆம் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் வாங்கி, பர்மிட் இல்லாமல் பாலம் தாண்டிக் கொண்டுவரும் எண்ணம் வேண்டாம். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தியாவில் 2001 முதல் இது வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர். தொண்டிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ‘மருந்துக்கு’ என்று காய்ந்ததைக் கொடுத்தாலும் பெட்டியில் வைக்காதீர்கள்.

9. கோலாலம்பூரிலிருந்து வாங்கி வருவதானால் ஸ்டைரோஃபோம் பெட்டி கட்டாயம். காருக்குள் ஏர்கோன் ஓடினாலும் பின்பக்கச் சாமான் பெட்டியில் வைக்காதீர்கள். ஆயர் கெரோ வந்து சேர்வதற்குள் வெந்துவிடும். வீட்டில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டுப் பழக்குங்கள். வலையால் தூக்க வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே ஒரு குவளையில் ஏந்தி மாற்றுங்கள்.

10. கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. தின்றது சீக்கிரம் வெளியேறிவிடும் என்பதால் நாளைக்கு இரண்டு மூன்று வேளை தீனி வேண்டும். உறைந்த மைசிஸை உருக்கி, அலசி, கண்ணாடிக் குழாயால் ஒரே இடத்தில் போட்டுப் பழக்குங்கள். அரைமணி கழித்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மலாக்காக்காரர்களுக்குச் சிஞ்சாலோக் போடும் கெராகாவ் இறாலைப் போட்டால் என்ன என்று தோன்றாமல் இருக்காது. கரையில் வாங்கிய கெராகாவைப் பச்சையாகப் போட்டால் கடல் கிருமியும் கூடவே தொட்டிக்குள் இறங்கும்.

11. வாலால் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும்: செயற்கைக் கடற்புல், பிளாஸ்டிக் சங்கிலி, காய்ந்த கடல்விசிறி. மோட்டார் உறிஞ்சும் வாயைப் பஞ்சால் மூடுங்கள், வால் மாட்டிக்கொள்ளும். கூட்டாளியாக நத்தைகள் போதும். கடற்சாமந்தி கொட்டும், நண்டு கிள்ளும், வேகமான மீன்கள் தீனியைத் தட்டிப் பறிக்கும்.

12. நம் வீடுகளுக்கென்றே உள்ள ஆபத்து புகை. ஏர் பம்ப் அறைக்காற்றை அப்படியே தண்ணீருக்குள் தள்ளும். சாமியறைச் சாம்பிராணி, கொசுவர்த்தி, கரப்பான் ஸ்பிரே எதுவும் தொட்டி இருக்கும் அறையில் கூடாது. டிங்கிக்குக் கொசு மருந்துப் புகை அடிக்க ஆள் வரும் நாளில் ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் போர்த்தி, கதவு ஜன்னலைச் சாத்துங்கள். புகை அடங்கியதும் உடனே பம்பைப் போடுங்கள்.

13. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வேண்டும். ஐஸ்கட்டியான தண்ணீர் போத்தல் இரண்டு ஃபிரீசரில் இருக்கட்டும். மூடியோடு மிதக்க விட்டால் சூடு ஏறாமல் தாக்குப்பிடிக்கலாம்.

14. ஆண்தான் பையில் சுமந்து குட்டி போடும், ஒரே ஈற்றில் நூற்றுக்கணக்கில். அவற்றைப் பிழைக்கவைக்கத் தனித் தொட்டியும், முட்டையிலிருந்து பொரித்த ஆர்ட்டீமியா இறால் குஞ்சும், நாள் முழுதும் வீட்டில் ஓர் ஆளும் வேண்டும். முதல் ஈற்றில் பெரும்பாலானவை செத்துப்போனால் மனம் விட்டுவிடாதீர்கள்.

15. தீபாவளிக்குத் தோட்டத்து வீட்டுக்கு இரண்டு நாள் போவதானால், ஒவ்வொரு வேளைத் தீனியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, கிழமை எழுதி ஃபிரீசரில் வைத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுங்கள். பாவம் பசிக்குமே என்று இரண்டு பொட்டலத்தைச் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். அதனால் மற்றப் பொட்டலங்களை எட்டாத தட்டில் வைத்துவிட்டு, அந்த இரண்டு நாளுக்கானதை மட்டும் முன்னால் வையுங்கள்.